மரம் இல்லை, பூவரசு

பட்டினச்சேரியில் லாஞ்சு கட்டும் வைத்தியலிங்கம் ஆசாரி உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“எந்த மரம்?”

“மரம் இல்ல ஆசாரியாரே. பூவரசு.”

“பூவரசு மரம் இல்லாம பின்ன மாடா?”

கூட வேலை செய்த இரண்டு பேர் சிரித்தார்கள். காத்தமுத்து சிரிக்கவில்லை. கடலுக்குப் போகிறவன் வீட்டில் மரம் என்றால் கட்டுமரம்தான். மண்ணில் வேர்விட்டு நிற்பதை யாரும் மரம் என்று சொல்வதில்லை. அதனதன் பேரைச் சொல்வார்கள். பூவரசு, புன்னை, முருங்கை. ஆசாரிக்கும் அது தெரியும். நாற்பது வருஷம் மீனவர்களோடு புழங்கியவர். வம்புக்குக் கேட்டார்.

“பழைய வூட்டுக் கொல்லையில நிக்கிது. எங்கப்பா போத்து வெட்டி நட்டது. கெளையெல்லாம் நல்லா வளைஞ்சு போயிருக்கும். லாஞ்சு வெலாவுக்குக் கட்டை எடுக்கலாம்.”

“எத்தனை தேறும்?”

“நாலஞ்சு தேறும்.”

“ஒனக்கு என்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாம். வெட்டி எடுத்துக்கிட்டுப் போனாப் போதும்.”

ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

“சும்மா குடுக்குற கட்டையில ஆணி இருக்கும் தம்பி. உள்ளதச் சொல்லு. பேய் கீய் இருக்கா?”

“பேய் இல்ல. எம் பொண்டாட்டி இருக்கா.”

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசாரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

அலை வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. கிளிஞ்சல்மேட்டில் கரையை ஒட்டி இருந்த வீடுகளில் தரை மட்டும் மிச்சம். அதிலும் அடம்பங்கொடி ஏறிவிட்டது. பிழைத்தவர்களுக்குச் சாலைக்கு மேற்கே வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே சுண்ணாம்பு. குடித்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஏச்சு வாங்குவது வழக்கமாயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காத்தமுத்து கடலில் இருந்தான். ஃபைபர் படகில் மூன்று பேர். காலை ஒன்பது மணி இருக்கும். படகு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான். “பெரிய கப்பலு எதுவும் போவுதா?” என்று ஒருவன் கேட்டான். வலையை இழுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். கரை தெரியவேண்டிய இடத்தில் வேறொன்று தெரிந்தது.

ஃபைபர் வாங்கும் முன் அவன் ஓட்டிய பழைய கட்டுமரம் வீட்டுக்கு எதிரே மணலில் கிடந்திருந்தது. மகள் பாரதி அதன் மேல்தான் விளையாடுவாள். எட்டு வயது. அலை வந்தபோது அவள் அந்தக் கட்டுமரத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைக் கோயில் மாடியிலிருந்து அவன் தங்கை சொர்ணாம்பாள் பார்த்தாள். நான்காம் நாள் கட்டுமரம் வடக்கே கரை ஒதுங்கியது. பிள்ளை ஒதுங்கவில்லை.

மனைவி நீலாயதாட்சி கொல்லைப் பூவரசின் மேல் இருந்தாள். தண்ணீர் வடிந்து வெகுநேரம் ஆகியும் இறங்கவில்லை. நான்கு பேர் ஏறி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார்கள்.

பிள்ளை ஏன் கட்டுமரத்துக்குப் போனாள் என்று காத்தமுத்துவுக்குத் தெரியும். அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். படகு முழுகும், மரம் முழுகாது. எவ்வளவு பெரிய கடலாயிருந்தாலும் மரத்தை விடாதே. அவள் ஐந்து வயதில் கேட்டுக்கொண்டது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நீலா ஒருநாள் கேட்பாள், அன்றைக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்று காத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை.

அவள் எதையுமே கேட்பதில்லை. முன்பு காரைக்கால் தெருக்களில் மீன்கூடை தூக்கியவள். வாய் ஓயாது. இப்போது அவன் கடலுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பழைய இடத்துக்குப் போய்விடுவாள். கருக்கலில் வருவாள். பாதி நாள் சொர்ணாம்பாள் தன் வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்து வைப்பாள்.

ஆசாரியைப் பார்க்கப் போவதற்குச் சில நாள் முன்பும் அப்படிக் கொண்டுவந்தாள். நெத்திலியில் மாங்காய் போட்டிருந்தாள்.

“தின்னுண்ணே. நீ பட்டினி கெடந்தா அலை திருப்பியா குடுக்கப்போவுது?”

“அவ சாப்ட்டாளா?”

“என்னைய ஏன் கேக்குற? பூவரசனப் போயிக் கேளு.”

“என்னாடி சொல்ற?”

“நான் சொல்லல. ஏலத்துல பேசிக்கிறாளுவ. காத்தமுத்து பொண்டாட்டிக்குப் பூவரசன்னு ஒருத்தன் இருக்கானாம். வூட்டுக்காரன் கடலுக்குப் போனதும் அவன் வூட்டுக்குப் போயிருறாளாம்.” சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எனக்கு நாக்கு அழுவிப்போவும். ஆனா எத்தனை நாளைக்குண்ணே? நானுந்தான் புருஷனக் குடுத்தேன். கூடை தூக்காம இருக்கனா?”

“நீயும் அவளும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லதான். நேத்து கைருன்னிஸாம்மா கேட்டாங்க. நீலா வராதா, நீலா கையால வாங்குன மீனு மாதிரி இல்லன்னாங்க. அஞ்சு வேளைத் தொழுகையிலயும் நம்ம பாரதிக்கு துவா கேக்குறாங்களாம். அந்தம்மாவுக்கு நான் என்னா சொல்ல? அண்ணி கொல்லையில குந்தியிருக்குன்னா?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“வெட்டிப் போடுண்ணே அத. நெழலு இல்லன்னா எங்க குந்துவா? வூட்டுக்கு வந்துதான ஆவணும்.”

அதன் பிறகு ஒருநாள், கடலிலிருந்து வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பழைய இடத்துக்குப் போனான். ஆனி மாதம். கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் காற்று மணலைத் தூக்கிக் கடலில் போட்டது. இடிந்த சுவர் ஒன்றின் பின்னால் நின்றான்.

நீலா கொல்லையைப் பெருக்கி வைத்திருந்தாள். வீடு இல்லாத இடத்தில் கொல்லை மட்டும் சுத்தமாயிருந்தது. கைபம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தூரில் ஊற்றினாள். அவ்வளவு பெரிய பூவரசுக்கு ஒரு குடம் தண்ணீர் எந்த மூலைக்கு? அவள் ஊற்றினாள். மிச்ச ஈரக்கையால் பட்டையைத் தடவினாள். மாட்டுக்குத் தடவுவதுபோல, மேலிருந்து கீழே. பிறகு நிழலில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கி அடிமரத்தில் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் இப்படிச் சுவரில் காலை வைத்துப் படுப்பாள். அவன் அம்மா திட்டுவாள்.

பூ ஒன்று கழன்று அவள் வாயின் மேல் விழுந்தது. ஊதினாள். பூ எழும்பி மறுபடி மூக்கின் மேல் விழுந்தது. மறுபடி ஊதினாள். பிறகு சிரித்தாள்.

அவள் சிரித்து அவன் கேட்டது இரண்டரை வருஷத்துக்கு முன்னால்.

காத்தமுத்து கூப்பிடவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. அவனோடு ஒரு கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறவள், அவன் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லாதவள், ஒரு பூவரசுக்குச் சிரிக்கிறாள். சொர்ணாம்பாள் சொன்ன கெட்ட பேச்சு அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மறுநாள் பட்டினச்சேரிக்கு பஸ் ஏறினான்.

வெள்ளிக்கிழமை ஆசாரி சொன்னபடி வந்தார். கூட அதே இரண்டு பேர். ரம்பம், கோடரி, வடக்கயிறு. காத்தமுத்து அன்று கடலுக்குப் போகவில்லை. நீலா அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தாள். ரம்பத்தைப் பார்த்தாள். எழுந்து துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு வழிவிட்டு நின்றாள்.

அழுவாள், மண்ணில் புரளுவாள் என்று காத்தமுத்து எதிர்பார்த்திருந்தான். அதற்கெல்லாம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தான்.

ஆசாரி அண்ணாந்து பார்த்தார். கட்டை விரலால் பட்டையை அழுத்தினார்.

“நல்ல வயிரம் பாஞ்சிருக்கு. அஞ்சு இல்ல, ஏழு வெலா தேறும். டேய், ஏறி அந்த மேக்கால கெளையில வடத்தக் கட்டு.”

ஒருவன் கயிற்றோடு ஏறினான். நீலா காத்தமுத்துவின் பக்கத்தில் வந்தாள்.

“ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வெட்டிக்கங்க.”

“வூட்டுல போயிப் பேசிக்கலாம்.”

“வூட்டுல எனக்கு வராது. இஞ்சதான் வரும்.”

“சரி. சொல்லு.”

“புள்ள ஏன் மரத்துக்குப் போச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

ஆட்களுக்கு நடுவில், இந்த வெயிலில் கேட்பாள் என்று நினைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தேன். மரம் முழுவாதுன்னு. விடாதன்னு. நீ கேப்ப கேப்பன்னுதான் இருந்தேன் நீலா. என்னைய என்ன வேணா சொல்லு.”

“அது இல்ல.”

“பின்ன?”

“அது எங்கிட்டதான் ஓடியாந்துச்சு.”

அவன் நிமிர்ந்தான்.

“நான் இதும் மேல ஏறிட்டேன். தண்ணி செவுரு மாதிரி வருது. புள்ள மணல்லேருந்து என்னையப் பாத்து ஓடியாந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தா, மீனு காயவைக்கிற எடம், அதத் தாண்டிருச்சு. நான் கத்துனேன். மரத்தப் புடிடின்னு கத்துனேன்.”

அவன் அவள் வாயையே பார்த்தான்.

“மரத்தப் புடி, மரத்தப் புடின்னேன். இதச் சொன்னேங்க. இத.” பூவரசின் மேல் கையை வைத்தாள். “அது நின்னு என்னையப் பாத்துச்சு. சரிம்மான்னுச்சு. திரும்பி ஓடிருச்சு.”

கிளையில் இருந்தவன் முடிச்சுப் போடுவதை நிறுத்தினான். ஆசாரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னைக்காவது இத மரம்னு சொல்லிருக்கமா நம்ம? பூவரசுல ஊஞ்ச கட்டு, பூவரச எலை பறிச்சிட்டு வா, இப்படித்தான பேசுவோம். அன்னைக்கு எனக்கு ஏன் அப்படி வந்துச்சு? பூவரசப் புடிடின்னா புடிச்சிருக்கும். எட்டு வயசு. நல்லா ஏறும்.”

அவள் குரல் உயரவில்லை. மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“ஆருகிட்டயும் சொல்லல. இதுகிட்ட மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தேன். தெனம் சொல்லுவேன். இது, ஏன்டி அப்படிச் சொன்னன்னு ஒரு நாளும் கேக்கல. எலை போட்டுச்சு, பூ போட்டுச்சு. அதான் வந்தேன். இப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெட்டிக்கங்க.”

துடைப்பத்தையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். ஆசாரி கையை ஆட்டியதும் மேலே இருந்தவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். மூவரும் ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார்கள்.

“வெலாக்கட்டை எங்கயாவது கெடைக்கும் தம்பி,” என்றார் ஆசாரி. கொஞ்சம் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து நீலா வீட்டில் இருந்தாள். உலை வைத்தாள். மீன் ஆய்ந்தாள். அவன் பேசுவான் என்றோ அடிப்பான் என்றோ காத்திருந்ததுபோல அடுப்படியிலேயே இருந்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. உப்பு கேட்டான். தண்ணீர் கேட்டான். அதற்கு மேல் அவனுக்கும் வரவில்லை. ஒரு நேரம் அவளை இழுத்துப் போட்டு அறையவேண்டும் என்றிருந்தது. இன்னொரு நேரம் அவள் காலில் விழவேண்டும் என்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தான்.

சொர்ணாம்பாளுக்குச் சந்தோஷம்.

“பாத்தியாண்ணே? ரம்பத்தக் காட்டுனதுக்கே தெளிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு நாளு போனா கூடை தூக்கிரும்.”

“ம்.”

“நீ ஏன் இப்படி இருக்க? மூஞ்சியெல்லாம் கருத்துப்போயி?”

“வெயிலு.”

கடலில் அவனால் முடியவில்லை. “தெக்க ஒரு மரம் நிக்கிது, வலை விட்டிருப்பான், ஒதுங்கி ஓட்டு,” என்றான் கூட இருந்தவன். காத்தமுத்துவின் கை இயந்திரத்தின் கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. படகு நேராகப் போனது. “ஓய், மரம்யா, மரம்!” என்று மற்றவன் கத்தி, பாய்ந்து வந்து திருப்பினான். கட்டுமரத்தில் இருந்த கிழவன் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

“ஒனக்கு என்னய்யா ஆச்சு? காது அடைச்சுப்போச்சா?”

“கேட்டுச்சு,” என்றான் காத்தமுத்து. “கேட்டுச்சு, கேட்டுச்சு.”

அன்றைக்குக் கரை வந்ததும் மீனைத் தங்கையின் கூடையில் தட்டிவிட்டு நடந்தான். அடம்பங்கொடியை மிதித்துக்கொண்டு மீன் காயவைக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தான். அங்கே நின்றான். பூவரசை நோக்கி நடந்து எண்ணினான். இருபத்திரண்டு எட்டு. திரும்பி வந்தான். கட்டுமரம் கிடந்த இடம் வரை எண்ணினான். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினான். அதே கணக்குதான். பிள்ளையின் காலுக்கு இன்னும் கூட வரும்.

இருபத்திரண்டைத் திரும்பவும் நடந்தான். நடந்து முடிந்த இடத்தில் பூவரசு இருந்தது. உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான். பட்டை சொரசொரப்பாக இருந்தது. சட்டை இல்லாத முதுகில் அது அழுந்தியது. கொஞ்ச நேரத்தில் அந்த அழுத்தம் பழகியது.

அழுதான். சத்தமாகவே அழுதான். கேட்க ஆள் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னான். கட்டுமரத்தைப் பற்றித் தான் சொல்லிக் கொடுத்ததை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுச் சொன்னான். பூவரசு ஒன்றும் கேட்கவில்லை. கச்சான் மேலே கிளைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் இலை ஒன்றோடொன்று உரசியது.

அழுது ஓய்ந்தபோது ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. என்ன என்று வெகுநேரம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. கடல் சத்தம் இல்லை. நூறு எட்டு எடுத்துவைத்தால் கடல். வெள்ளையாய் மடங்கி விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சத்தம் இல்லை. காற்று அதைக் கிழக்கே தள்ளிவிட்டிருந்தது. மிச்சத்தை இலைகள் மூடிவிட்டிருந்தன. அவன் பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு நேரம்கூட இருந்ததில்லை. சாலைக்கு மேற்கே கட்டிக் கொடுத்த வீட்டில்கூட அது சுவரில் மோதி அறைக்குள் நின்று சுற்றும். நீலா காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு படுப்பாள். எறும்பு புகுந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தான்.

கண்ணை மூடினான்.

விழித்தபோது நீலா வந்திருந்தாள். தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடிமரத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. முழங்கையும் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன.

“எப்ப வந்த?”

“செத்த நேரமாச்சு. சொர்ணா சொன்னுச்சு, மீனக் கொட்டிட்டுக் கெழக்க போச்சுன்னு.”

“எழுப்பிருக்கலாம்ல?”

“கொறட்டை விட்டீங்க. எழுப்ப மனசு வரல.”

அவன் கையை நீட்டித் தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்த்தான். ஆறிப்போயிருந்தது.

“என்னா கொழம்பு?”

“சூடை. முள்ளு பாத்துத் தின்னுங்க.”

அவன் திறக்கவில்லை.

“இஞ்ச கடலு கேக்கல நீலா.”

“ஆமா.”

“எனக்குச் சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்களும் வந்து குந்திக்குவீங்க. வூட்டுல ஆரு ஒல வைக்கிறது?”

அவன் மூக்கால் சிரிப்பதுபோல ஏதோ செய்தான். பழுப்பு இலை ஒன்று இறங்கி அவன் தொடையில் விழுந்தது. தட்டிவிடவில்லை.

“நல்ல புள்ள,” என்றான். “சொன்ன பேச்சக் கேட்டுச்சு.”

தொடையில் கிடந்த இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

“நீ சொன்னதயும் கேட்டுச்சு. நான் சொன்னதயும் கேட்டுச்சு.”

அவள் பாதம் மணலுக்குள் புதைந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. அவன் திரும்பவில்லை. கையை மட்டும் அடிமரத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனான். பருத்த அடிமரம். கை எட்டவில்லை. அப்படியே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து அவள் விரல்கள் வந்து எட்டின.

உச்சி சாய்ந்ததும் கச்சான் விழுந்தது. கடற்காற்று ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது. இலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி இலையும் நின்றபோது, கடல் கேட்டது.

அவள் விரல்கள் இறுகின. அவனும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இருவரும் எழுந்திருக்கவில்லை.